மூன்று காது முயல்

பிப்ரவரி 3

இல்லை, பொழுது போகாமல் செய்யவில்லை. ஒரு முயலுக்காகச் செய்கிறேன்.

எங்கள் இணைய விவாதக் குழு கம்பளிப் பின்னல்காரர்களுடையது. பின்னல் படங்களை வெறும் எழுத்துகளாகத்தான் அனுப்புவோம். வெள்ளைக்கு வெ, நீலத்துக்கு நீ, வரிசை வரிசையாக. வரி நீண்டால், நாங்கள் செய்தி படிக்கும் பழைய மென்பொருள் அதை மடித்துக் கீழே தள்ளிவிடும். பேருந்து ஓட்டுநர் ஒருவர், பிறக்கப்போகும் குழந்தைக்காக, வந்தது வந்தபடியே பின்னிவிட்டார். சட்டையில் முயல். முயலுக்கு மூன்று காது. என்னிடம் கேட்டார்:

"மூணாவது காது எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க தங்கச்சி. என்ன சொல்ல?"

அன்றே தொடங்கினேன். குழுச் செய்திகளைப் படிக்கவும் போடவும் ஒரு மென்பொருள். நிறம், தடித்த எழுத்து, கலையாத கட்டங்கள்.

பிப்ரவரி 19

கட்டம் வந்துவிட்டது! நீலம் நீலமாகவே.

பிப்ரவரி 20

ஐயோ.

சோதனைக்கு வாயில் வந்ததைத் தட்டினேன். அது குழுவுக்கே போய்விட்டது. நானூறு பேர். சிவப்பில், பெரிதாக: "அக்கா ஒரு கழுதை". பழைய மென்பொருள்காரர்களுக்கு அந்தச் சிவப்புகூட இல்லை — முன்னும் பின்னும் நிறத்துக்கான குறிகளின் குப்பை, நடுவில் கழுதை.

குழு நிர்வாகியைக் கத்தரி என்போம், எதையும் வெட்டுவார். "இதுக்குப் பேருதான் முன்னேற்றமா? ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு. வேண்டாம்னு வந்தா இனி வெறும் எழுத்து மட்டும்தான்."

வேண்டாம் என்று வந்தால்? என் ஒருத்திக்கு மட்டும் ஒரு மென்பொருள். முயல்களுக்குக் காலத்துக்கும் மூன்று காது.

பிப்ரவரி 21

அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

"நானூறு பேருக்கா? என் கல்யாணத்துக்குக்கூட அவ்ளோ பேர் வரலடி!"

"சிரிக்காத."

"குப்பை தெரியாம அனுப்ப முடியுமா, முடியாதா? அதச் சொல்லு."

முடியும். ஒரே செய்திக்குள் இரண்டு வடிவம்: என் மென்பொருளுக்கு நிறக்கட்டம், பழையதற்கு வெறும் எழுத்து. ஏன் முதலிலேயே தோன்றவில்லை? நீலத்தில் மயங்கிக் கிடந்தேன். வேறென்ன.

பிப்ரவரி 23

முடித்தேன். வேண்டியவர்கள் கேட்கலாம் என்று குழுவில் எழுதினேன். கேட்டவர்கள் இரண்டே பேர். ஓட்டுநர். குழுவிலேயே இல்லாத அக்கா.

பிப்ரவரி 24

அக்கா குழுவில் சேர்ந்துவிட்டாள்! முதல் செய்தியே "அந்தக் கழுதை நான்தான்." கூடவே நிறக்கட்டத்தில் ஒரு பின்னல் படம்: சாம்பல் கழுதை, காதோரம் மஞ்சள் பூ. பழைய மென்பொருளில் குப்பை இல்லை. ஒரே ஒரு வரி: "இங்கே ஒரு கழுதை நிற்கிறது. உங்களுக்குத் தெரியாது."

ஓட்டுநர்: "எனக்குத் தெரியுதே! ரெண்டே காது! நம்ம முயலுக்கும் இப்ப ரெண்டுதான் தங்கச்சி, பிரிச்சுப் பின்னிட்டேன்."

மாலைக்குள் அறுபத்திரண்டு பேர் மென்பொருள் கேட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 25

காலையில் கத்தரி எனக்குத் தனியாக எழுதியிருந்தார். "ஓட்டெடுப்பு வேண்டாம், விட்டாச்சு. குப்பையும் வரல. ஆனா நேத்துலேருந்து ஆளாளுக்குக் கழுதை கழுதைங்கறாங்க, எனக்கு மட்டும் தெரியல. அந்த மென்பொருள அனுப்பி வைம்மா."

அனுப்பினேன். பிறகு கடைக்குப் போய்ச் சாம்பல் நிறக் கம்பளி நூல் இரண்டு கண்டும், மஞ்சளில் கொஞ்சமும் வாங்கி வந்தேன்.