செவலைப் பொட்டலத்தின் தேதி

17.01.2025, வெள்ளிக்கிழமை, காலை 6.10 மணி
கும்பகோணம்
கடிதம் எண் 3: காலாவதித் தேதி குறித்து

என் அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய அண்ணிக்கு,

தாங்கள் இல்லாத இரண்டாவது பொங்கலும் கழிந்தது. ‘செவலை’ நன்றாக விற்கிறது. நாய்களுக்குக் குருணையும் மத்தி மீனும் சேர்ந்த பிஸ்கட், குட்டிகளுக்குக் கஞ்சிமாவு, பூனைகளுக்கு நெத்திலித் தூள். மூன்றும் தாங்கள் வகுத்த பக்குவமே.

நம் வீட்டு நாய் செவலைக்குத் தோல் அரிப்பு வந்தபோது, ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். தாங்கள் மீன் தேடி வேதாரண்யம் வரை போனீர்கள். பை தூக்க நானும் வந்தேன்.

“உப்பு போடாத கருவாடா? யாரும்மா திம்பா?” என்று மீன்காரம்மா சிரித்தார்.

“எங்க வீட்டுப் புள்ளதான்” என்றீர்கள்.

அந்த மீனில் தாங்கள் செய்த பண்டத்தைக் கேட்டு அடுத்த தெருக்காரர்களும் வந்தார்கள். அப்படித்தான் நாயின் பெயர் வியாபாரப் பெயராயிற்று.

ஓய்வு பெற்று, உறவினர் கல்யாணப் பத்திரிகைகளில் தேதிப் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னிடம் பொட்டலங்களில் தேதி குத்தும் முத்திரையைக் கொடுத்தீர்கள். “தம்பி, இதுக்கு உங்கள மாதிரி நச்சரிக்கிற ஆளுதான் வேணும்.” அதற்கு எவ்வாறு நன்றி சொல்வேன்?

பதப்படுத்தும் மருந்து சேர்க்காத பண்டம். கோடையில் நான்கு மாதம், மழையிலும் பனியிலும் இரண்டே மாதம் என்பது தங்கள் விதி. “நாய் என்னங்க, தேதி பாத்தா திங்குது?” என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். “அது பாக்காதுங்க. நாமதான் பாக்கணும்” என்றீர்கள்.

நேற்று அந்த விதிக்குச் சோதனை வந்தது. சென்னையில் பல கடைகள் வைத்திருக்கும் ஒருவர் முழுச் சரக்கையும் கேட்டார். ஆனால் ஓராண்டுக்குத் தேதி அடிக்க வேண்டுமாம்.

“சித்தப்பா, இவங்கள விட்டா புது அடுப்பு வாங்கவே முடியாது” என்றான் தங்கள் மகன் குமரன்.

அவன் முதலாளி, நான் முத்திரை குத்துபவன். முத்திரையை அவன் கையில் வைத்து, “நீயே அடிப்பா” என்றேன்.

வெகுநேரம் எண்களைத் திருகிக்கொண்டிருந்தான். பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான். பிறகு அடித்து நீட்டினான்: 16.03.2025.

“சிரிக்காதீங்க சித்தப்பா. பழைய அடுப்புக்கே செங்கல் மாத்திக்குவோம். கொத்தனாருக்குப் போன் போடுங்க.”

இவனை எப்போது இப்படி வளர்த்தீர்கள், அண்ணி?

சென்னை ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. கொத்தனார் நாளை வருகிறார். என் பார்வை மங்கும் நாளில் முத்திரையைக் குமரனிடம் ஒப்படைப்பேன். ஒரு நாளும் தாமதிக்க மாட்டேன். இது என் உறுதி.

தங்கள் நன்றி மறவாக் கொழுந்தன்,
ராமநாதன்

இணைப்பு:
1. குட்டிகளுக்கான கஞ்சிமாவு, புதிய உறையில்.
2. அடுத்த தெருக் குட்டி அதை உண்ணும் படம். வால் மட்டும் அசைந்துவிட்டது.
3. குமரன் தேதியிட்ட பிஸ்கட் பொட்டலம். தங்கள் படத்தின் முன் வைத்திருக்கிறேன். 16.03.2025 அன்று எடுத்துவிடுவேன்.