பட்டிப்பொல போகும் அண்ணி

என் வாய்க்கு ஈடுகொடுத்த லெச்சுமி அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் மகள் தர்ஷினி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கணக்குப் பேப்பரை நினைத்து இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் எழுந்து நன்றாகச் சாப்பிட்டாள். இப்போது அண்ணன்தான் சமைக்கிறார். ரொட்டி கல்லு மாதிரி இருக்கிறது. நாங்கள் யாரும் எதுவும் சொல்வதில்லை.

இந்தச் செய்திகளைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்றால் அது பொய். உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு மாதமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மஸ்கெலியா பஸாரில் போட்டோகாப்பிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் நான் முதலில் தேடுவது உங்களைத்தான். அன்றைக்குத் தோன்றிய மூன்று வரியை வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் சம்பல் இடித்துக்கொண்டே கேட்பீர்கள்.

"அம்புட்டுத்தானா? மூணே வரிதானா? ஒரு ரொட்டிக்குத் தொட்டுக்கக்கூடப் பத்தாதேடி!"

"ஹைக்கூன்னா அம்புட்டுத்தான் அண்ணி."

"அப்ப சோம்பேறிக்கு ஏத்த கவிதைன்னு சொல்லு."

ஆனாலும் எனக்கு விஷயம் கொடுத்ததே நீங்கள்தான். தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா திடீரென்று வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் பட்ட பாட்டை அப்படியே எழுதினேன்:

*விருந்தாளி வந்தாச்சு*
*வீட்டின் ஒரே நல்ல கோப்பையில்*
*பல் துலக்கும் பிரஷ்கள்*

அது பத்திரிகையில் வந்தபோது, வாசிக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் கொடுத்து வாசிக்கச் சொன்னீர்கள். "எங்க வீட்டுக் கோப்பைதான் இது" என்று பெருமை வேறு.

அதற்குப் பிறகுதான் படிகளைப் பற்றி எழுதினேன்.

றோட்டிலிருந்து நம் லயத்து வீடுகளுக்கு ஏறும் படிகளில் நீங்கள் அடிக்கடி உட்காரத் தொடங்கியிருந்தீர்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வரும்போது, நாலு படி ஏறுவீர்கள், உட்காருவீர்கள். மறுபடி ஆறு படி, மறுபடி உட்காருவீர்கள். பின்னால் வரும் பெண்கள் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும். நான் மேலே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை எடுத்து எழுதினேன்:

*படியேறும் அண்ணி*
*ஒரு ஸ்டேஷன் விடாமல் நிற்கும் ரயில்*
*பட்டிப்பொல எப்போது வரும்?*

நம் மலை ரயில்பாதையில் ஆக உயரத்தில் இருக்கும் ஸ்டேஷன் பட்டிப்பொலதானே. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவ்வளவு பேர் சிரித்த கவிதை நான் அதுவரை எழுதியதில்லை. மறுநாளே நீங்கள் முதல்முறை உட்கார்ந்ததும் "கொட்டகலை!" என்று யாரோ ஸ்டேஷன் பேரைக் கத்தினார்கள். அடுத்து உட்கார்ந்தபோது "தலவாக்கலை!" அதற்கு மேலே "நானுஓயா!" நீங்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். சிரித்து முடிக்க உங்களுக்கு மூச்சு போதவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து நீங்கள் உட்காருவதை நிறுத்திவிட்டீர்கள்.

"இனிமே நான் எக்ஸ்பிரஸ்டி, எங்கயும் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மதில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறினீர்கள். வாசலுக்கு வந்ததும் உள்ளே போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றீர்கள். உதடு கறுத்துப்போயிருந்தது. நான் கை தட்டினேன் அண்ணி. கை தட்டினேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"சாந்தி, சனிக்கிழம ஒனக்கு லீவுதானே? ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா? நெஞ்சுக்குள்ள என்னமோ படபடங்குது. டாக்டர்கிட்ட சொல்ல எனக்குச் சிங்களம் வராது."

"அண்ணனக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அதுகிட்ட சொல்லாத. பயந்துக்கிரும்."

அந்தச் சனிக்கிழமை ஹட்டனில் கவிதை வாசிப்பு இருந்தது. அடுத்த சனி போகலாம் என்றேன். "சரி, ஒண்ணும் அவசரமில்ல" என்று எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தீர்கள்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. நாள் முழுக்க யாராவது "தங்கச்சி, இத ஒருக்கா எழுதித் தாங்க" என்பார்கள், நானும் எழுதிக் கொடுப்பேன். நீங்கள் கேட்டது ஒரே ஒரு சனிக்கிழமை.

ஹட்டனில் நான் எந்தக் கவிதையை வாசித்தேன் தெரியுமா? பட்டிப்பொலதான். மண்டபமே சிரித்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. நீங்கள் மறுபடி கேட்கவில்லை. எனக்கு மறந்துவிட்டது என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். மறக்கவில்லை அண்ணி. நீங்கள் கேட்டால் போவோம், கேட்காவிட்டால் வீட்டில் கிடந்து தூங்குவோம் என்று இருந்தேன். நீங்கள் கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கொழுந்து நிறுவைக்கு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டீர்கள். லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

டாக்டர் நல்ல மனுஷன். சிங்களத்தில் என்னிடம் கேட்டார், எவ்வளவு காலமாக இவருக்கு மூச்சு வாங்கியது என்று. இருதயத்தில் பழைய கோளாறாம். "அவர் என்னா கேக்குறாரு?" என்றார் அண்ணன்.

எவ்வளவு காலம் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். கவிதையைப் போட்ட திகதி என் போனிலேயே இருந்தது. எத்தனை இடத்தில் உட்கார்ந்தீர்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்திலேயே உங்கள் நோயை எழுதிவைத்தவள் நான் ஒருத்திதான். அதைச் சிரிப்பாக எழுதிவைத்திருந்தேன்.

"தெரியல" என்றேன் டாக்டரிடம். அண்ணனிடம் "சும்மா வயசக் கேக்குறாரு" என்றேன்.

போன மாதம்தான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை நீங்கள் கேட்டது, நான் ஹட்டன் போனது, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒங்கிட்டயாவது சொல்லியிருக்கா" என்றார். "எங்கிட்ட ஏன் தங்கச்சி சொல்லல? நான் அம்புட்டுப் பயந்தாங்கொள்ளியா?"

அதற்கு என்ன பதில் அண்ணி? நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதினொரு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் "தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

இப்போது என் கவிதைகள் சிறு புத்தகமாக வருகின்றன. பட்டிப்பொல கவிதையை எடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் தாள்களைப் பார்த்த தர்ஷினிதான் சண்டைக்கு வந்தாள்.

"அம்மா கவித எங்க அத்தை?"

"அது வேணாம்டா. அதுல நான் அம்மாவக் கேலி பண்ணியிருக்கேன்."

"அம்மா அத எத்தன பேர்கிட்ட காட்டுச்சு தெரியுமா? அம்மாவப் பத்தி உலகத்துல எழுதுனது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா வேற என்னா இருக்கு?"

அவள் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டேன். வாசிப்பவர்களைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? அதை எழுதி முதலில் சிரித்தவளே நான்தானே?

அதனால் கவிதை புத்தகத்தில் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் இந்தக் கடிதம் இருக்கும். முகம் தெரியாத யாரோ அதை வாசித்துச் சிரிக்கட்டும், அது உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் படிகளில் ஏறியது யார், ஏன் உட்கார்ந்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் இன்னும் எழுதுகிறேன் அண்ணி. நிறுத்திவிடுவேன் என்று சத்தியம் செய்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் நம்புங்கள்: இனி யாரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தாலும், முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்து "என்னா செய்யுது?" என்று கேட்பேன். அவர்கள் ஒன்றுமில்லை என்றாலும் இன்னொரு தரம் கேட்பேன். கூட வா என்றால், எந்தக் கிழமை என்று பார்க்காமல் செருப்பை மாட்டுவேன்.

உங்களைக் காக்க வைத்த நாத்தனார்,
சாந்தி