கோர்வை கேட்ட காது

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக உனக்கும், தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்: நேற்று அமாவாசையன்று, மதியம் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, சின்ன காஞ்சிபுரம், எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்றாவது டாக்கின் பச்சை விளக்கு எரிந்தது. மேளதாளம் இல்லை. சிறப்பு விருந்தினர் யாரும் வரவில்லை. தலைமை தாங்கியவனும் நன்றியுரை சொன்னவனும் நானே. கைதட்டியவனும் நான்தான், அதுவும் கையில் ஒட்டிய தூசியைத் தட்டுவதற்காக.

விளக்கு எரிந்து ஐந்து நிமிடத்தில் அந்த வாசனை வந்தது. நாலு மாதத் தூசி பெட்டிச் சூட்டில் கருகுகிற வாசனை. அதற்கு அடியில், உங்கள் வீட்டுப் பட்டுப் பாவுக்குப் போடும் கஞ்சி வாசனை. இத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ. மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டேன். தங்கை பார்த்துவிட்டு, "அது என்னடா, மோந்து பாக்கறே? டாக்னா என்ன?" என்று கேட்டாள். நீ எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்: "சிடில பாட்டு கெடையாது, வெறும் நம்பர்தான் இருக்குது. அந்த நம்பரைப் பாட்டா மாத்துற பெட்டிதான் டாக்." சொல்லும்போது உன் குரலிலேயே சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாம் சந்தித்தது பிரௌசிங் சென்டரில். நான் எங்கள் கணக்கு வாத்தியார் பெயரில் ஒரு மெயில் ஐடி தொடங்கி, அதிலிருந்து அவருக்கே பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் நற்பணியில் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் நீ, பாலிடெக்னிக் சட்டையோடு. உன் திரையில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் தன் டாக்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஒன்றை விற்று அடுத்ததை வாங்குவானாம். ஒவ்வொரு தடவையும் பாட்டின் மேலிருந்து ஒரு போர்வையை எடுத்த மாதிரி இருந்ததாம்.

"எத்தினி போர்வை போத்திக்கினு படுத்திருக்குது அந்தப் பாட்டு? குளிர் ஜுரமா?" என்றேன்.

நீ சிரித்த சிரிப்புக்கு சென்டர்க்காரர் இரண்டு பேரையும் சேர்த்தே வெளியே அனுப்பினார். வெளியே நின்று உன் பேச்சைத் தொடர்ந்தாய். முதல் டாக்கை நீயே ஈயத்தால் பற்றவைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாய். அது பதினாறு பிட், நல்லது என்றால் இருபத்துநாலு பிட் வேண்டும் என்றாய். "எங்க ஸ்கூல்ல ரெண்டே பிட்டு வச்சிக்கினு பாஸ் ஆனவன் இருக்கான், உனக்கு இருபத்துநாலா?" என்றேன். அன்றைக்கே பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

உங்கள் வீட்டில் நாலு தறி. தெரு முழுக்கத் தறி. பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் அமாவாசை வர வேண்டும். அன்றுதான் தறிக்கு லீவு. அன்று மதியம் உன் அப்பா தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்குவார். அந்த அமைதி எனக்குப் புதிது. எங்கள் தெருவிலும் அமைதிதான், ஆனால் அது யாரும் என்னோடு பேசாததால் வருவது. என் குறும்புக்குச் சிரிக்கிறவர்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். பெல் அடித்த பிறகு எனக்காக நின்றவன் ஒருத்தனும் இல்லை. நீ அடுத்த அமாவாசை என்றைக்கு என்று காலண்டரில் பார்த்து, "வந்துடு மச்சி" என்றாய். அதுவரை என்னை எங்கேயும் யாரும் அப்படி முன்கூட்டியே கூப்பிட்டதில்லை.

இரண்டாவது டாக், சென்னையில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. நீல விளக்கு. அதற்குள் எங்கள் வீட்டில் குழப்பம் ஆரம்பித்திருந்தது. "அவன் இன்னொரு டாக் வாங்கியிருக்கான்மா" என்று நான் சொன்னதை அம்மா நாய் என்றே எடுத்துக்கொண்டாள். திருத்துவது என் கடமை. கடமையைச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

"ரெண்டு நாயை அந்தப் பிள்ளையாண்டான் எங்கேடா கட்டறான்? வீடு பூரா தறின்னு சொன்னியே?"

"அலமாரி மேல வச்சிருக்கான்மா. ரொம்பச் சாது. குலைக்காது. பாடும்."

"போடா. சரி, இந்தாத்துலே வாயில்லா ஜீவனுக்குப் போட என்ன குறைச்சல்" என்று சொல்லி, தூக்கில் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள். அமாவாசைக்கு அமாவாசை அது வந்தது. வாயில்லா ஜீவன்கள் இரண்டும் ஆளுக்குப் பாதியாக வழித்து வழித்துத் தின்றன. "உங்க அம்மா கையில என்னமோ இருக்குதுபா" என்று நீ விரலைச் சூப்புவாய்.

அந்தக் காது முகாமைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. உங்கள் பாலிடெக்னிக்கில் இலவசமாகக் காது பார்த்தார்கள். வடை கிடைக்கும் என்று நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன். உனக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கினாய். அப்புறம் சோதித்த அம்மா பொத்தானை அழுத்துவது எனக்குத் தெரிந்தது, உன் விரல் மட்டும் முட்டி மேலேயே கிடந்தது. மறுபடி அழுத்தினார். நீ அவரைப் பார்த்துக்கொண்டு, சத்தம் இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தாய்.

"சின்ன வயசுல காதுல சீழ் வந்துச்சா தம்பி? பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது. ஜால்ரா, சலங்கை மாதிரி மெல்லிசு சத்தம்தான் சரியா கேக்காது" என்றார்.

திரும்பும்போது சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தாய். "சீழெல்லாம் இல்ல. தறிதான். பொறந்ததுலேர்ந்து தறிச் சத்தம்" என்றாய். சீழை விடத் தறி கௌரவமான காரணம். நான் தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போய், "அப்போ எனக்கு எதுக்குடா டாக்கு? எல்லாத்தையும் குடுத்துடலாம்" என்றாய்.

டாக் போனால் அமாவாசை போகும்.

"என் காது எதுக்கு இருக்குது? நான் கேட்டுச் சொல்றேன்."

"நெஜமா உனக்கு வித்தியாசம் கேக்குதா?"

"எங்க வம்சமே கோயில்ல பாசுரம் சொல்ற கோஷ்டியோட நின்னு ஒரு அட்சரம் தப்பினா புடிச்சிடும். எனக்குக் கேக்காதா?"

நீ நம்பினாய். ஆனால் பாலிடெக்னிக்காரன் ஆயிற்றே, சோதனையும் வைத்தாய். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னால் நீ. பிஸ்கட் டப்பாவுக்கும் நீல விளக்குக்கும் நடுவில் நீயே செய்த ஒரு சுவிட்ச். பாடுவது ஒரே அம்மா, ஒரே பாட்டு. எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது! டீக்கடை வரைக்கும் இதைப் பரப்பினேன். காஞ்சிபுரத்தில் பட்டுக்கு அடுத்தது என் காதுதான் என்று ஒரு வாரம் மஃப்ளர் கட்டிக்கொண்டு திரிந்தேன், சித்திரை வெயிலில்.

காது பெரிதானதும் வாயும் பெரிதாயிற்று. ஒரு நாள் உன் அப்பா தறியிலிருந்த புடவையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டி, "கோர்வை பாத்தியா, கோர்வை!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த அமாவாசையன்று, "நீல விளக்கு எப்பிடி இருக்குது, சொல்லு" என்று நீ கேட்டதும் எடுத்து வீசினேன்.

"கோர்வை நல்லாத் தெரியுது மச்சி!"

நீ எழுந்து உட்கார்ந்தாய். "எங்க தெரியுது?"

"மிருதங்கத்தோட அடிச் சத்தமும் அந்தம்மா குரலும் சேர்ற இடத்துல. பளிச்சுனு தெரியுது."

நீ பாட்டை நிறுத்திவிட்டாய். ரொம்ப ரசித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து பாலிடெக்னிக்கிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்துகொண்டிருந்தாய். சைக்கிள் எங்கே என்றேன்.

"வித்துட்டேன். புது டாக்குக்குச் சொல்லிட்டேன். நீதான சொன்ன, கோர்வை தெரியுதுன்னு?"

"அதுக்கு?"

"அதுக்கா? உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் தறியிலயே இழைக்கு இழை சேக்கிறதுதான்டா கோர்வை. நகத்தால தடவினாலும் சேந்த இடம் தெரியக்கூடாது. தெரிஞ்சிச்சுன்னா எங்க அப்பா அந்தப் புடவைய வெளியிலயே காட்ட மாட்டாரு. அந்த மாதிரி ஒரு பெட்டிய எப்பிடிடா வச்சிக்கினு இருக்கிறது? எனக்கு இத்தினி நாளாத் தெரியவே இல்ல. நல்ல வேளை, நீ கேட்ட."

வெயில் மண்டையைப் பிளந்தது. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல அந்த இடம் போதும், அந்த நிமிடம் போதும். நான் சொன்னது: "ஆமாமா, சகிக்கல." அப்புறம், "நடக்கிறது உடம்புக்கு நல்லதுபா" என்று ஆறுதல் வேறு.

பச்சை விளக்குப் பெட்டி வந்த அமாவாசையன்று நீ சோதனை வைக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாய். அந்த அம்மா பாடினார். நான் கண்ணை மூடினேன், திறந்தேன்.

"தெரியல மச்சி. தேடிப் பாத்தாலும் கோர்வை தெரியல."

நீ குதித்து எழுந்து, "அப்பா! கோர்வை தெரியலையாம்!" என்று கத்தினாய்.

பாயில் புரண்டு படுத்த உன் அப்பா கண்ணைத் திறக்காமலே, "எந்தப் பொடவைல?" என்றார்.

நாம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உன் பாதத்தைப் பார்த்தேன், குதிகாலில் செருப்பு அறுத்த புண். அடுத்த அமாவாசைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். நடுவில் உனக்கு ஜுரம் வந்தது. ஒன்பது நாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மூன்றாவது தடவை வரத் தேவையிருக்கவில்லை.

காரியம் முடிந்து உன் அம்மா மூன்று பெட்டிகளையும் ஒரு பழைய பட்டுத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். "எனக்கு இதெல்லாம் இன்னான்னு தெரியாது கண்ணு. நீதான் அவனுக்குக் காதுன்னு சொல்லிக்கினே இருப்பான். நீயே வச்சிக்க" என்றார்கள். மூட்டையோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும், "பாவம், அந்த நாய்களை இனிமே யாருடா பாத்துப்பா?" என்றாள்.

"நான்தாம்மா" என்றேன். அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைப் பங்குபோட ஆள் இல்லை.

நாலு மாதம் மூட்டையை அவிழ்க்கவில்லை. எங்கள் தெருவில் தறி இல்லை, எந்த நாளும் கேட்கலாம். இருந்தும் அமாவாசைக்குக் காத்திருந்துதான் நேற்று மாட்டினேன். நீல விளக்கையும் பச்சை விளக்கையும் உன் சுவிட்சில் இணைத்து, தங்கையைப் பின்னால் உட்காரவைத்து, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஊரறிந்த காதல்லவா.

பத்துக்கு நாலு. காசைச் சுண்டிப்போட்டாலே ஐந்து வருமடா.

நீலத்தில் கோர்வையும் தெரியவில்லை, பச்சையில் அது காணாமலும் போகவில்லை. பிஸ்கட் டப்பாவையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் எனக்கு ஒன்றுதான். நேற்று இல்லை, என்றைக்குமே ஒன்றுதான். உனக்குக் காதாக இருந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே, காது குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒன்பது எப்படி வந்தது தெரியுமா? புதுப் பெட்டிக்கு மாற்றினதும் நீ மூச்சை அடக்கிக்கொள்வாய். பழையதற்கு வந்தால் விட்டுவிடுவாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உன் மூச்சைத்தான் கேட்டேன். அந்தத் தவறிப்போன ஒன்று, அப்போது நீ தும்மினாய்.

உன் சைக்கிளை விற்றது நான்தான். கேட்கவில்லை என்று சொன்னால் அடுத்த அமாவாசைக்கு என்னை எதற்குக் கூப்பிடுவாய் என்ற பயம்.

இப்போதும் எந்தப் பாட்டு ஓடினாலும், எனக்குப் பின்னால் யாராவது மூச்சை அடக்குகிறார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். நேற்றும் கேட்டேன். தங்கை முறுக்குத் தின்றுகொண்டே சுவிட்சைத் திருப்பினாள். இரண்டு பெட்டியிலும் எனக்குக் கேட்டது அந்த முறுக்குதான்.