ராமையாவைக் கொன்ற முயல்

மார்ச் 3, ஞாயிறு

தினமும் நாலு வரி எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று தனுஜா டீச்சர் நேற்று முதியோர் வகுப்பில் சொன்னார். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் எதையும் எழுதலாம். எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ராமையா ஒரு பன்னாடை.

எழுதிவிட்டுப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது! வாயால் ஏசினால் காற்றோடு போய்விடும். இது போகாமல் உட்கார்ந்திருக்கிறது. திரும்பப் படித்தேன். திரும்பவும் பன்னாடைதான்.

எழுபது வயது தாண்டி எழுத்து வந்திருக்கிறது எனக்கு. தேயிலைக்கு மருந்தடித்த கை, பென்சிலைப் பம்பு மாதிரி பிடிக்கிறது. அரிசி மூட்டையில் எழுதியிருப்பதைக்கூட வாய்விட்டுப் படிக்கிறேன். என் பெண்சாதி அம்மாக்கண்ணு காதைப் பொத்திக்கொள்கிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

மூனா இன்று என் பழைய செருப்பைக் கடித்தது. அதுவும் நல்லதுதான். புதுச் செருப்பு வாங்கத்தான் போன மாதம் கியா பார்ம் சந்தைக்குப் போனேன். வழிக் கடையில் முயல்குட்டி விற்றார்கள். என் பாடப் புத்தகத்தில் மு என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே முயல். செருப்பு வாங்கவில்லை.

சாம்பல் நிறம். உள்ளங்கையில் அடங்கும். மு எழுத்தின் பெயரையே வைத்தேன். பெட்டி செய்து பச்சைப் பெயின்ட் அடித்தேன். காலையில் கொஞ்ச நேரம் வெளியே விடுவேன். சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து பாடத்தைப் படிப்பேன். நான் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை காத்திருக்கும் உயிர் இந்த லயத்து வீடுகளில் அது ஒன்றுதான். மற்றவர்கள் பாதியிலேயே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

மார்ச் 6, புதன்

ராமையா பாத்திரம் கழுவின தண்ணீரை மறுபடியும் என் வாசல் பக்கம் ஊற்றினான். பன்னாடை. (இப்போது வேகமாக எழுத வருகிறது.)

மார்ச் 9, சனி

இன்று வகுப்பில் ஐ. மை, கை, பை, வை. எழுத்துக்கு முன்னால் போடும் அந்தக் குறியைக் கொம்பு என்கிறார் டீச்சர். எனக்கு அது காது. இரண்டு சுழி, பக்கத்தில் பக்கத்தில், மூனா காதைத் தூக்குகிற மாதிரியே. பக்கம் முழுக்கப் போட்டேன். மூனாவை. புல்லை. பெட்டியை. ஒரு வருத்தம்தான். ராமையா பெயரிலும் அந்தக் காது இருக்கிறது. அவனுக்கு எதற்கு?

இவனைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். வேலை செய்த காலத்தில், தோட்ட ஆபீஸ் கிராணி மேசையில் சம்பளம் வாங்கும்போது நான் பெருவிரலை மையில் அமுக்குவேன். அவன் பேனாவை வாங்கிச் சர்ரென்று கையெழுத்துப் போடுவான். போட்டுவிட்டு என் விரலைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். மூனா அவன் தகரத்தில் வளர்த்த கொத்தமல்லியைத் தின்றுவிட்டதாம்.

"பக்கிரி, இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். பிரட்டலுக்கு ஆகும்லா."

சிரிக்கிறான். அம்மாக்கண்ணுவும் சிரித்தாள். அவளிடம் ராச்சோறு வரைக்கும் பேசவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மூனா செத்துப்போச்சு.

மார்ச் 13, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

காலையில் புல் கொண்டுபோனேன். எப்போதும் ஓடி வரும். வரவில்லை. பக்கவாட்டில் படுத்திருந்தது. கால் நாலும் விறைத்து நீட்டியிருந்தன. வாயோரம் நுரை. பெட்டிக்குள் பாதி கடித்த முட்டைக்கோஸ் இலை.

எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் கிடையாது. அம்மாக்கண்ணுவுக்கு வாயு. முட்டைக்கோஸ் யார் வீட்டில் குவிந்து கிடக்கிறது? ராமையாவின் மருமகன் திரிங்காப் ஊரில் காய்கறி லாரி ஓட்டுகிறான். மூட்டை மூட்டையாக இறக்குகிறான்.

வேலியில் நின்று கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டான். குற்றம் இல்லாதவன் ஏன்டா கதவச் சாத்துறான்? சாத்துவானா? வந்து ஏசியிருப்பானே. ராமையா ஏசாமல் இருந்ததே இல்லை.

நேற்றே சௌசௌ கொடிக்குக் கீழே புதைத்தேன். குழி சின்னதாகத்தான் வேண்டியிருந்தது.

மார்ச் 14, வியாழன்

இன்று எழுதினேன். புத்தகத்தில் இல்லை.

கொழுந்து பறிக்கிற பெண்கள் லாரி ஏறும் இடத்தில் ஒரு பழைய சுவர் இருக்கிறது. மத்தியானம் பனி இறங்கி ஆள் இல்லாத நேரம், பெட்டிக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வோர் எழுத்தும் முழம் உயரம். காதையெல்லாம் நன்றாகச் சுழித்தேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். சம்பள நாளில் அவன் சிரித்த அத்தனை சிரிப்புக்கும் பதில் ஒரே வரியில். ஆகா.

மார்ச் 15, வெள்ளி

நாசமாப் போச்சு.

விடிந்ததும் சுவருக்குப் பக்கத்திலேயே நின்றேன், முகங்களைப் பார்க்க. சரோஜாதான் முதலில் சத்தமாகப் படித்தாள். "ராமையாவை கொன்ற முயல்." அப்புறம் எல்லாப் பெண்களும் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ராமையா கொன்ற முயல் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வை எங்கிருந்து வந்தது? அந்தக் காது வந்து தானாக ஒட்டிக்கொண்டது.

"தாத்தா, கருமாதி எப்போ? சொல்லி அனுப்புங்க" என்றாள் சரோஜா லாரியில் ஏறிக்கொண்டே.

மார்ச் 16, சனி

வகுப்பில் டீச்சர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். அவரும் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வையை எடுத்துட்டா நீங்க நெனச்சது வந்துடும் தாத்தா. வை இருக்கணும்னா அதுக்கப்புறம் ஒரு க் போடணும். இப்ப ரெண்டுமே இல்லாம நிக்குது."

வையை எடுக்கப்போகிறேன். அவன் பெயரில் இருக்கும் காதையும் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன்.

மார்ச் 17, ஞாயிறு

ராமையா வந்தான். வேலிக்கு வரவில்லை. வாசலுக்கே வந்தான்.

"என்னாத்தடா எழுதி வச்சிருக்க? பொம்பளைங்க என்னையப் பாத்துச் சிரிக்கிறாளுங்க. வந்து படிச்சுச் சொல்லு."

நீயே படித்துக்கொள், கையெழுத்தெல்லாம் போடுகிறவன்தானே என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "அந்தக் கிறுக்கலு ஒண்ணுதான்டா வரும். கங்காணி மவன் வரைஞ்சு குடுத்தது. படிக்கத் தெரியாது."

அத்தனை சம்பள நாளிலும் படம் வரைந்துவிட்டா சிரித்தான்?

சுவருக்குப் போனோம். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவன் முந்திக்கொள்ளவில்லை. முடிகிறவரை நின்றான்.

"நானாடா செத்தேன்?" என்றான். பிறகு அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

தினமும் காலையில் மூனா வேலி ஓட்டையில் மூக்கை நீட்டுமாம். இவன் இலை கொடுப்பானாம். என்னிடம் சொன்னால் ஓட்டையை அடைத்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். திங்கட்கிழமை சாயங்காலம் மருமகன் இறக்கின கோஸ் அன்றைக்குத்தான் மருந்தடித்தது. இரண்டு நாள் தொடாதீர்கள் என்று சொல்லித்தான் வைத்தான். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து இவன் பெட்டியைத் திறந்து...

"நமக்குத்தான் சொல்றான்னு நெனச்சேன், பக்கிரி. அதுக்குன்னு தோணல."

மருந்து பம்பு தூக்கியே தோல் உரிந்தவன் நீ. என்கூடவே தூக்கினவன். உனக்குத் தெரியாதா? கேட்டேன். எழுந்து போகும்போது சொன்னான்:

"சரியா எழுதிடு. நாந்தான கொன்னேன். அப்பிடியே எழுது."

மார்ச் 18, திங்கள்

வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அதைக்கூடச் செய்யத் தெரியாத பன்னாடை.

இரண்டு நாளாக அவன் வீட்டில் அடுப்பு புகையவில்லை என்கிறாள் அம்மாக்கண்ணு. புகையாவிட்டால் நான் என்ன செய்ய? ஆனாலும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சட்டி காணவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 19, செவ்வாய்

பெயின்ட் டப்பாவோடு சுவருக்குப் போனேன். சாக்குத் துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டேன், வையை அழிக்க.

வையை அழித்தால் வரி உண்மையாகிவிடும். ராமையா கொன்ற முயல். அவன் கேட்டதும் அதுதான். நான் எழுத நினைத்ததும் அதுதான். டீச்சரும் சரி என்பார். பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காலையிலும் அதைப் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள்.

துணியை நனைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காது இரண்டும் தூக்கினபடியே இருந்தன.

வையை விட்டுவிட்டேன். அதற்குப் பக்கத்தில் இடுக்கில் ஒரு க் எழுதினேன். புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இப்போது பிழை இல்லை.

மார்ச் 22, வெள்ளி

காலையில் வாசலில் இருமல் சத்தம். "செத்தவன் வந்திருக்கேன். தேத்தண்ணி கெடைக்குமா?"

ராமையாவுக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும். ஒன்று போட்டுக் கொடுத்தேன்.