தங்கைக்கு நீ சொல்லக் கூடாத பதில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே சாப்பிட்டுத் தூங்கி ஒழுங்காக இருக்கிறாய் என்று நம்புகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நலம் விசாரித்தாயிற்று, இனி கோபத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். நம் வீடும் உனக்குத் தெரியும், கூடத்தில் இருமினால் சமையலறையில் கேட்கும். உன் தங்கையின் காதில் விழாமல் உன்னைத் திட்ட எனக்கு வேறு இடமில்லை. அதனால் மத்தியான பஸ்களை எல்லாம் அனுப்பிவிட்டு, டிப்போவில் என் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் எந்த டிரைவராவது வந்து ஜன்னலைத் தட்டினால் எழுத்து கோணலாகும், பொறுத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை செய்யுங்கள் என்றால், லேத் மெஷின் முன்னால் எவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய் என்று என்னையே கேட்கிறார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாமல்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

சின்னவள் விஷயத்தை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ கிளம்பும்போது அவள் பேக்கரி வேனை ஓட்டிக்கொண்டு எவ்வளவு மிடுக்காக இருந்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் போதும், அடியில் யாரோ மாட்டிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. பார்க்கப் போன வழியில் வேறு யாரையாவது இடித்திருந்தால் என்று அடுத்த சந்தேகம் வரும், மறுபடி திரும்புவாள். காலையில் போக வேண்டிய ரொட்டி மத்தியானம் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் யார் வாங்குவார்கள். பேக்கரி முதலாளி நல்ல மனுஷன், என்னிடம் வந்து, "பொண்ணு வண்டிய நல்லாத்தான் ஓட்டுறாங்க, ஆனா முன்னால போறதவிட பின்னால வர்றதுதான் ஜாஸ்தியா இருக்கு" என்றார். வேலையை விட்டு எடுக்காமல் பேக்கிங்கில் போட்டார். டாக்டர் அதற்கு ஓ.சி.டி. என்று பெயர் சொன்னார். இவள் மனம் கெட்டதல்ல, யாருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்கிற பயமே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார், பாதி குறைந்தது. இன்னொன்று கொடுத்தார், நாள் முழுக்கத் தூங்கினாள். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றை ஆராய்கிறார்கள், விருப்பம் இருந்தால் சேரலாம் என்று சொன்னார். என்னைக் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை, அவளாகவே படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுச் சேர்ந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதினால் இந்தப் பேனாவில் மை போதாது. ஒன்பது மணி என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். என் டிப்போவில் ஒரு பஸ் அப்படிக் கிளம்பினால் நான் சும்மா விடுவேனா. உள்ளே போனால் ஒரு பெண் போன தடவை கேட்ட கேள்விகளையே வார்த்தை மாறாமல் கேட்கிறாள், அந்த எண்ணம் எவ்வளவு நேரம் வந்தது, எவ்வளவு நேரம் தடுத்து நிறுத்த முடிந்தது என்று. வேறு மாதிரிக் கேட்டுத் தொலையேன்மா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம். அங்கே இவளைப் பார்க்கிற டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, மருந்தா மாவா, கண்ணாலயாவது ஒரு ஜாடை காட்டுங்க என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சத்தியமா எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா உங்க பொண்ண நான் பாக்குற பார்வையே மாறிடும். அப்புறம் அவங்களுக்குக் குணமானது மருந்தாலயா என் நம்பிக்கையாலயான்னு எப்படிச் சொல்றது" என்றார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது, சண்டை போடக்கூட இடம் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் உண்டு, அதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை. அம்மா, நான் யாரையும் இடிக்கலதானே என்று அவள் கேட்டால், இல்லை என்று நான் சொல்லக் கூடாதாம். ஆறுதல் சொன்னால் அந்த நிமிஷம் நிம்மதி வரும், அடுத்த நிமிஷம் நோய் இன்னும் பெரிதாகக் கேட்கும் என்கிறார்கள். தெரியாதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேலை பார்க்கிற இடத்தில் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறவள் நான். என் வயிற்றில் பிறந்தவளிடம் தெரியாது தெரியாது என்று நாள் முழுக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். போன மாதம் ஆஸ்பத்திரியில் இந்தப் பயிற்சி கொடுக்கிற பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், வேகத்தடை இருக்கிற தெருவில் பேக்கரி வேனை ஓட்டிப்போய், ஒரு தடவைகூடத் திரும்பாமல் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, முகமெல்லாம் வேர்த்து, "அம்மா, கடைசி வேகத்தடையில ஒரு சத்தம் கேட்டுச்சு, அது என்னம்மா?" என்றாள். தெரியாதும்மா என்றேன். "நீ என்ன கல்லா? ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?" என்று கத்தினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அறைக்குள் போய் உன்னைக் கூப்பிட்டாள்.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நம் வீட்டில் எல்லாம் கேட்கும் என்றுதான் சொன்னேனே. "ஒண்ணும் ஆகலடி, யாருக்கும் ஒண்ணும் ஆகல, நீ நிம்மதியா இரு" என்று தேனாகப் பேசியிருக்கிறாய். அதோடு விட்டாயா. டம்மி மாத்திரைய முழுங்குறதுக்கு நீ என்ன சோதனை எலியா, விட்டுட்டு வா, நான் இங்க நல்ல டாக்டரா பாத்துச் சொல்றேன் என்றும் சொல்லியிருக்கிறாய். பாசத்தில்தான் சொன்னாய், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தெருவுக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நீ ஆகல என்று சொன்னது, ஆகியிருந்தால் அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்கிற கேள்வியாக மாறிவிட்டது. அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மாத்திரையையும் தொடவில்லை. நானே போன் போட்டு டாக்டரம்மாவிடம், நீங்க கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்க என்றேன். அவரோ, "அதட்ட முடியாதும்மா, எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு முதல் நாளே சொல்லித்தான் சேத்தோம். வந்தாலும் வராட்டாலும் அவங்களுக்கு வைத்தியம் நிக்காது" என்றார். அதட்ட வேண்டியவர் அதட்டமாட்டார், ஆறுதல் சொல்லக் கூடாதவன் கடல் தாண்டி உட்கார்ந்து சொல்கிறான், உன் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நடுவில் நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

நாலைந்து நாள் அப்படியே போயிற்று. ஒரு காலையில் அவளாகவே குளித்துக் கிளம்பி வந்து, ஆஸ்பத்திரிக்கு வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் சொன்னது என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டேன். "எனக்குக் கிடைக்கிறது மாவாவே இருக்கட்டும்மா. நான் நாள் பூரா மாவுலதானே நிக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தாள், எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்த வராண்டாவுல என்கூட ஒரு வாத்தியார் உக்காந்திருப்பாரே, அவரு மூணு மாத்திரை மாத்தியும் கேக்காம வந்தவரு. யாராவது மாவ முழுங்கினாதான் மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு அவருக்குத் தெரியும். யாரும் என்னைத் தள்ளிவிடல, நானாத்தான் சேந்தேன். என்னைப் போய் எலின்னு சொல்றான்" என்றாள். அண்ணன் மேல் கோபமா என்று கேட்டேன், ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துவிட்டது என்று எழுந்தாள். மாத்திரை போடாமல் இருந்ததை அவளே மறைக்காமல் சொன்னாள். அவர்களும் முகம் சுளிக்கவில்லை, பரிசோதனை செய்துவிட்டுத் தொடரலாம் என்றார்கள். பழையபடி அதே பெண் அதே கேள்விகளைக் கேட்டாள். இந்தத் தடவை எனக்கு எரிச்சல் வரவில்லை.

குணமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் இல்லை. போன வாரம் இரண்டு நாள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குக் கிடைத்தது மருந்தா மாவா என்று ஆராய்ச்சி முடிந்தபிறகுதான் சொல்வார்களாம், அது அடுத்த வருஷம்கூட ஆகலாம். நேற்று மழை, நானே டிப்போவில விட்டுடறேன் என்று வேன் சாவியை எடுத்தாள். முதலாளி கொடுத்திருக்கிறார், பழகிக்கட்டும் என்று. சந்தை முனையில் வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியது, டக் என்று ஒரு சத்தம். அவள் கை ஸ்டியரிங்கை இறுக்கியது, உதடு வெளுத்துவிட்டது, ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆயிற்றோ, என் கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. "அம்மா, திரும்பாத. எனக்கும் பயமாத்தான் இருக்கு, திரும்பாத" என்றாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிப்போ வாசல் வரும் வரைக்கும் அந்தச் சத்தம் என்ன என்று என் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. இதைத்தான் இவள் தினமும் சுமக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கூண்டை யாரோ தட்டுகிறார்கள், முடித்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உன் மனம் போல எல்லாம் நடக்கட்டும், அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் போன் பண்ணு. பேச்சு நடுவில் கண்டிப்பாகக் கேட்பாள். எனக்குத் தெரியாதுடி என்று சொல். அழுவாள், உன்னையும் கல் என்பாள், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். பதில் மட்டும் சொல்லாதே. அவளாக வைக்கும் வரைக்கும் நீ போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் திட்டிவிட்டு உன் நினைவாகவே இருக்கும்
அம்மா