உன் பெயரைச் சொல்லி எரிக்கிறார்கள்

ஆலை வாசலில் உன் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். அடையாள அட்டைக்காக எப்போதோ எடுத்த படம். உனக்குப் பின்னால் பச்சை இலைகள், ஒரு குருவி, ஒரு பெரிய காற்றாலை. நம் ஆலையில் காற்றாலை ஏது? கீழே கொட்டை எழுத்தில், ‘பசுமை எரிபொருளின் முன்னோடி’. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். நீ போய் மூன்று வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னைத் தண்டனையாக நிறுத்திவைத்த அதே கேட்டில், இப்போது உன்னைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இதை நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ பாய்லரில், நான் ஆய்வுக்கூடத்தில். நீ நிலக்கரியை எரித்து நீராவி எழுப்புவாய். அதில்தான் சாயத் தொட்டிகள் கொதித்தன, டர்பைன் சுற்றி ஆலைக்கு மின்சாரம் வந்தது. உள்ளே வருகிற எரிபொருளையும் வெளியே போகிற சாம்பலையும் சோதித்து எழுதுவது என் வேலை. உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த உரிமையில் உன் அண்ணன் தம்பி எல்லாரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் முத்தியால்பேட்டையை விட்டு நகரவில்லை. ஏன் என்று கேட்டால், “அந்தக் குளிருல போயி இன்னாடா பண்றது? இங்கதான் எனக்கு நெருப்பு இருக்குதே” என்பாய்.

மரத்தூளைக் கலக்கலாம் என்பது உன் யோசனைதான். அவர்கள் சொல்வதில் அது ஒன்றுதான் உண்மை. அறுவை மில்களில் குவிந்து மக்கிக்கொண்டிருந்த தூளையும் சவுக்குப் பட்டையையும் பார்த்துவிட்டு வந்து, “இத கரியோட சேத்து எரிச்சா கரி கொறையும்டா, பொகையும் கொறையும்” என்றாய். முதல் நாள் ஈரத்தூள் போட்டு நெருப்பு அமுங்கி, நீராவி இறங்கி, சாயப் பிரிவே உன்னைத் திட்டியது. நீ கவலைப்படவில்லை. தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்தாய், சலித்தாய், ஆணி பொறுக்கினாய். நாலு கூடை கரிக்கு ஒரு கூடை தூள் என்று அளவு பிடிபட ஒரு கோடை முழுதும் ஆனது. சிம்னிப் புகை வெளிறிப்போனதை நாம் பம்ப் அறை மாடியில் நின்று பார்த்த அன்று, கையில் இருந்த டீ ஆறிப்போனதுகூட உனக்குத் தெரியவில்லை. உன் நிபந்தனை ஒன்றே ஒன்று: “பெயின்ட் பட்டது எதுவும் உள்ள வரக்கூடாது.”

அதற்கு அடுத்த வருடம் புது மேலாளர் வந்தார். காய்ந்த தூள் போதவில்லை என்று சொல்லி வேறு லாரிகளை உள்ளே விட்டார். இடித்த வீடுகளின் பெயின்ட் அடித்த கதவுகள், மைக்கா ஒட்டிய அலமாரிப் பலகைகள், பசையில் ஊறிய பிளைவுட், பிளாஸ்டிக் ஓரப்பட்டைகள். எல்லாவற்றையும் நொறுக்கி ஒரே குவியலாகக் கொட்டி, அதற்கும் மரக்கழிவு என்று பெயர் வைத்தார்கள். எரிந்தபோது கண் எரிந்தது, தொண்டை கரித்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண், மகளின் பள்ளிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். வெள்ளைத் துணி முழுக்கப் பிசுபிசுப்பான கறுப்புப் பொட்டுகள். “சட்டய தூக்கிப் போட்டுடலாம் சார். புள்ள இழுக்கற மூச்ச எங்க தூக்கிப் போடறது?” என்றாள்.  நீ அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாய். நான் உன் பின்னால் வந்தேன்.

“இது மரம் இல்ல சார். இத நான் போட மாட்டேன்.”

“மரத்தக் கலக்கலாம்னு சொன்னதே நீங்கதானே?”

“நான் சொன்னது தூளு. நீங்க கொண்டாந்தது குப்ப.”

மறுநாளே உன்னைக் கேட்டுக்கு மாற்றினார்கள். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அழுத்தம் சொல்லக்கூடியவனுக்கு வண்டி எண் குறிக்கிற வேலை! எந்த லாரிகளை வேண்டாம் என்றாயோ, அதே லாரிகளுக்கு நீயே கதவு திறந்துவிட வேண்டும் என்று யோசித்துத்தான் செய்தார்கள். 

அன்று மாலை ஆய்வுக்கூடத்துக்கு வந்தாய். “நீ யாரோடயும் சண்ட போட வேணாம். சாம்பிள் பையில என்ன இருக்குதோ அத எழுது. அது போதும்” என்றாய். என் மேசையில் மைக்காத் துண்டு கிடந்தது. நான் ‘மரக்கழிவு, திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், வேலை போய்விடுமோ என்ற பயம். காரணம் சொல்லலாம், நியாயம் சொல்ல முடியாது. நீ அந்தத் தாளைப் படித்துவிட்டு, “சரி, வுடு” என்றாய். மறுநாளும் எனக்குச் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தாய். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

கேட்டிலும் அந்தப் புகைதான். அங்கே பிடித்த இருமல் பிறகு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “பீடி சிகரெட் உண்டா?” என்று கேட்டதற்கு, “நான் எங்க சார் புடிச்சேன், எனக்கும் சேத்து பாய்லருதான் புடிச்சுது” என்றாய். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். இந்தப் புகையால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படி அடித்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் நீ போகும்வரை அந்த மூச்சிரைப்பை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்.

சரி, அந்த ஃப்ளெக்ஸ் கட்டிய விழாவுக்கு வருகிறேன். உனக்கான கேடயத்தை வாங்க உன் மனைவி செலினைக் கூப்பிட்டிருந்தார்கள். “அண்ணா, நீங்களும் கூட வாங்க” என்று என்னையும் அழைத்துப்போனாள். மேடையில் மேலாளர், நீ காட்டிய வழியிலேயே ஆலை நடப்பதாகப் பேசினார். செலின் கேடயத்தைத் தொடவில்லை. மைக்கைப் பிடித்து, “அவரு சொன்ன தூளத்தான் இப்பவும் எரிக்கிறீங்களா சார்?” என்று கேட்டாள். அவ்வளவுதான். மேலாளர் சிரித்து, “அம்மா உணர்ச்சிவசப்படறாங்க” என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். “இல்லம்மா. எரிக்கிறது பெயின்ட் கதவு, மைக்கா பலக. மரம்னு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்” என்றேன்.  சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அதையே எழுதி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் கொடுத்தேன். அதிகாரிகள் வருவதற்குள் முற்றத்தைச் சுத்தமாகக் கூட்டி, மேலாக மரத்தூள் தூவி வைத்திருந்தார்கள். சாம்பல் மேட்டை மட்டும் அள்ளிப்போட முடியவில்லை. கிளறியதும் கதவுக் கீல்களும் உருகிக் கட்டியான பிளாஸ்டிக்கும் வந்தன. கலப்பு எரிபொருளையே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. இப்போது வெறும் நிலக்கரியை எரிக்கிறார்கள். சிம்னி பழையபடி கறுப்பாகக் கக்குகிறது. அறுவை மில்களில் நல்ல தூள் மக்கிக் கிடக்கிறது. “உங்களாலதான் சார் பசுமைத் திட்டமே போச்சு” என்று மேலாளர் என் முகத்துக்கு நேரே சொன்னார். உன் ஒரு கோடை உழைப்பைக் குப்பையாக்கியவர் சொல்கிறார்! சுத்தமான தூளை மட்டும் கலக்க அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறேன். உன் அளவுகளை என் ஞாபகத்திலிருந்து எழுதி இணைத்திருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன்.

“அவரே போயிட்டாரு, இன்னும் எதுக்கு சார் இவ்ளோ கோவம்?” என்று ஆய்வுக்கூடத்தில் கேட்கிறார்கள். நீ கோபப்படாமலே போய்ச் சேர்ந்தாய். இது என் கோபம். அவர்கள்மேல் எவ்வளவோ, என் கையெழுத்தின்மேலும் அவ்வளவு. இதை மட்டும் நான் ஆறவிடப் போவதில்லை.