மஞ்சள் காயும் நேரம்

சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய மாத்திரை டப்பாவை இன்று காலையில்தான் திறந்தேன். மூடியைத் திருகியதும் குப்பென்று மஞ்சள் வாசனை. மூட்டுவலிக்கு நல்லது, வீக்கம் வற்றும், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று போனில் அடுக்கிக்கொண்டே போனான். "மஞ்சள்ல இவ்வளவு இருக்குன்னு இப்பதாம்மா கண்டுபிடிச்சிருக்காங்க" என்றான். கூட நடவு நட்டவளே, நீ இருந்திருந்தால் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்திருப்பாய். நீ போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்த மஞ்சளை நாம் காலில் அப்பிக்கொண்டு அலைந்தவர்கள். குடவாசல் பக்கத்தில் குறுவை நடவு தொடங்கிவிட்டால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சேற்றில்தான் நிற்போம். சில நாளிலேயே விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துச் சேற்றுப்புண் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசிக்கொள்வோம். எரிச்சல் அடங்கும், கண் அசரும். விடிந்தால் மறுபடி அதே சேறு.

அது ஆட்சி மாறியிருந்த சமயம். சுவரெல்லாம் புது முதலமைச்சர் படம், ஊருக்கு ஊர் கூலித் தகராறு. அந்த நடவில்தான் என் வலது கால் கணுக்கால்வரை வீங்கியது. நீ காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாய்.

"சீழ் வெச்சிருச்சுடி. இப்படியே சேத்துல நின்னேன்னா ஆஸ்பத்திரியில விரல எடுத்துருவாங்க."

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் வெச்சுக்கறேன்" என்றேன்.

உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மஞ்சளு என்னடி செய்யும், பாவம்! நாம பூசுறோம், காலையில சேறு அத தின்னுடுது. காலு காயணும்டி!"

வேலைக்குப் போகாமல் காலைக் காயவைத்தால் அடுப்பு எரியாது. அது உனக்கும் தெரியும். அதனால் கூலிக்காகப் போராடிய விவசாயச் சங்கத்துக் காரியதரிசியிடம் போய், பண்ணையாரிடம் கூலியோடு மத்தியானத்தில் கரையேறிக் கால் காயவைக்கவும் நேரம் கேளுங்கள் என்றாய். "மொதல்ல கூலி ஏறட்டும்மா, கால அப்பறம் பாத்துக்கலாம்" என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். "அந்தாளு ஒரு நடவு நட்டுப் பாக்கட்டும்" என்று வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

மறுநாள் உச்சிப்பொழுதில் நீ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த நாற்றைச் சேற்றில் போட்டுவிட்டு வரப்பில் ஏறினாய். வாய்க்காலில் காலைக் கழுவி, முந்தானையால் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தாய். மடியிலிருந்து மஞ்சள் குழைத்த கொட்டாங்குச்சியை எடுத்தாய். முதலில் பூசியது என் காலுக்குத்தான். பிறகு ஒருத்தி ஏறினாள், பின்னாலேயே எல்லாரும் ஏறிவிட்டார்கள். வெயிலைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு வரப்பு நெடுக உட்கார்ந்தோம்.

பண்ணையாருக்காக வயலை மேற்பார்க்கும் காரியக்காரர் குடையோடு ஓடிவந்தார். "என்னடி இது, காலுக்கெல்லாம் மஞ்சள் பூசிக்கிட்டு! கல்யாணமா?"

"ஆமாங்க, மாப்ள வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்" என்றாய். சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம்.

அவர் குரலை மாற்றினார். "மஞ்சள்தானே வேணும்? பெரிய வீட்டுல சொல்லி ஒரு கூடை வாங்கித் தர்றேன். இறங்குங்க."

"மஞ்சளு எங்ககிட்டயே இருக்குங்க. அது காயறதுக்கு நேரந்தான் இல்ல."

நாம் இருந்த குடிசைகள் நின்றது பண்ணையாரின் மனையில். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். "எந்திரிச்சிரலாம்டி, என் ஒருத்திக்காக வேணாம்" என்று கிசுகிசுத்தேன். "வாய மூடிக்கிட்டுக் கால நீட்டு" என்றாய். பறித்துக் கட்டிய நாற்றுமுடிகள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. ஆற்றில் தண்ணீர் வந்து எல்லா ஊரிலும் நடவு மும்முரம். வேறு ஆள் பிடிக்கக் காரியக்காரருக்கு வழியில்லை. அது அவருக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். திட்டிக்கொண்டே பெரிய வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்து களத்துமேட்டு நிழலில் போய் நின்றுகொண்டார். மஞ்சள் காய்ந்து தோலில் இறுகிய பிறகுதான் இறங்கினோம். மறுநாளும் ஏறினோம். அதற்கு அடுத்த நாள் அவர் கேட்கவே இல்லை.

என் கால் ஆறியது. விரலும் தங்கியது. கூலிச் சண்டை அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக நடந்தது, ஊர் எவ்வளவோ இழந்தது. ஆனால் மத்தியானம் கரையேறும் நேரத்தை மட்டும் யாரும் நம்மிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. மகன் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். மஞ்சளை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. அரிவாள் வெட்டுக்கும் அதுதான், இருமலுக்குப் பாலில் போட்டதும் அதுதான். வேலை செய்ய அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டினோம். முகத்துக்கு மஞ்சள் பூசுவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் காலடியில் உட்கார்ந்து, விரலிடுக்கெல்லாம் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். "நேரமாச்சு, போற காலுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். ஈரக்காலோடு இவளை அனுப்ப மாட்டேன் என்று கத்திவிட்டேன். தப்பட்டைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். துடைத்து முடித்துத்தான் எழுந்தேன்.

நாளை நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர் எடுக்கிறார்கள். மகன் வேண்டாமென்றான், நான் கேட்கவில்லை. கூட வருவதெல்லாம் நம் பேத்தி வயசுப் பெண்கள். வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுத்து முடிக்கும்வரை மேலே ஏறக் கூடாது என்றால் வாய் பேசாமல் சேற்றில் நிற்கிறார்கள், கால் நமைக்கிறது என்று என்னிடம் மட்டும் காட்டுகிறார்கள். நான் உச்சிப்பொழுதுக்குக் கரையேறுவேன். அவர்களையும் ஏற்றுவேன். பிறகு எந்த அதிகாரி வந்து கூப்பிட்டாலும் சரி, கால் காயாமல் இறங்க மாட்டோம்.